அடுப்ப அமத்திட்டு வா

எங்கள் ஊரில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர். தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய மிஷன் ஊர்கள் பலவற்றில் இன்றைக்கும் அந்தப் பேச்சு உண்டு. சாயங்காலம் கோயில் மணி இரண்டு தடவை அடிக்கும். முதல் மணிக்கு ஆச்சி முற்றத்து வேலையை விட்டுக் கைகால் கழுவப் போவாள். ரெண்டாம் மணிக்குப் பிறகும் அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டால் திண்ணையிலிருந்து குரல் வரும்: "மணி அடிச்சாச்சுல்லா, அடுப்ப அமத்திட்டு வா." அம்மா விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து, பாதி கொதித்த குழம்பை மூடிவைத்துவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். எனக்கு எரிச்சலாக வரும். பசிக்கிற வயசு.

அமர்த்துவது என்றால் எங்கள் பக்கம் அணைப்பது. வெகுகாலம் கழித்து 46ஆம் சங்கீதத்தை நிதானமாக வாசித்தபோதுதான் ஆச்சியின் சொல் அதற்குள் இருப்பது கண்ணில் பட்டது: "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." அமர்தலுக்கு உட்கார்வது என்று மட்டுமா பொருள்? தணிவதும் அடங்குவதும்கூட அதில் உண்டு. எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல்லுக்குத் தளர்த்துவது, பிடியை விடுவது என்று அர்த்தம். அடுப்பை அமர்த்திவிட்டு வருகிறவள் அதைத்தான் செய்கிறாள். வேலை முடியவில்லை, ஆனாலும் கையை எடுத்துவிடுகிறாள்.

கிறிஸ்தவ மரபில் ஆவிக்குரிய ஒழுங்கு என்பது இந்த மணிதான் என்று தொடக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நாளுக்குள்ளும் வாரத்துக்குள்ளும் வருஷத்துக்குள்ளும் முன்கூட்டியே குறித்துவைத்த நிறுத்தங்கள். வேலை ஓய்ந்ததும் ஜெபிக்கலாம் என்று தள்ளிப்போடாமல், வேளை வந்ததும் வேலையை ஓயவைப்பது. ஆங்கிலத்தில் இதை இப்போது ரிதம் என்கிறார்கள். நம்மிடம் தாளம் இருக்கிறது, அது இன்னும் பொருத்தம்.

சபையில் பாடுகிற ஞானக் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பல பாட்டுகளின் தலைமாட்டில் ராகத்தோடு ஆதி தாளம் என்று போட்டிருக்கும். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. வீச்சு என்பது உள்ளங்கையைத் திருப்பிக் காற்றில் விடுவது. அதில் சத்தமே கிடையாது. சத்தம் இல்லை என்பதால் அதை விட்டுவிட்டுப் பாடிப் பாருங்கள், இரண்டாவது வரியிலேயே மிருதங்கக்காரர் உங்களை முறைப்பார். ஓசையில்லாத அந்த இரண்டு வீச்சும் எட்டுக்குள் அடக்கம். நம்முடைய நாட்களில் தட்டு மட்டும்தான் இருக்கிறது. வீச்சை எங்கோ தொலைத்துவிட்டோம்.

சரி, நிறைய வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவசரக்காரர்களா? இல்லை. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் ஓய்வுநாள் முடிந்து சூரியன் அஸ்தமித்ததும் ஊரே வாசலில் கூடிவிடுகிறது. நோயாளிகள், பிசாசு பிடித்தவர்கள், அவர்களைத் தூக்கிவந்தவர்கள். இயேசு அவர்களைச் சொஸ்தமாக்குகிறார். மறுநாள் அதிகாலை இருட்டோடு எழுந்து, யாரும் இல்லாத இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீடன் சீமோன் தேடிப்பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். அந்த வாக்கியத்தில் இருக்கும் நெருக்கடி நமக்குப் பழக்கமானது. தினமும் நாற்பது தடவை அது நம் போனில் வருகிறது. இயேசு திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்பது அவருடைய அன்றைய வேலையைத் தீர்மானிக்கவில்லை. இருட்டில் கழித்த அந்த நேரம்தான் தீர்மானித்திருக்கிறது.

அதே சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தில் யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவனின் மகள் சாகக்கிடக்கிறாள். இயேசு அங்கே போகிற வழியில், 12 வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேட்கிறார். யவீருவின் நிலையில் நின்று அந்தக் காட்சியை வாசித்தால் வயிற்றைப் பிசையும். கைநிறைய வேலை இருக்கிறவர் இயேசு. அவசரம் அவரைத் தொடவில்லை.

எண்ணெய் விளக்குக் காலத்து மணிகள்

இந்த நிறுத்தங்கள் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தவை அல்ல, யூதர்களிடமிருந்து வந்தவை. பாபிலோனில் தானியேல் எருசலேமுக்கு நேராக ஜன்னலைத் திறந்துவைத்து நாளுக்கு மூன்று வேளை ஜெபித்தான். பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி நேரத்தில், நம் கணக்குக்குப் பிற்பகல் 3 மணிக்கு, தேவாலயத்துக்குப் போனார்கள். அது அவர்கள் புதிதாகக் குறித்த நேரமில்லை, ஏற்கெனவே இருந்த ஜெபவேளை.

மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகளில் எகிப்து வனாந்தரத்துக்குள் துறவிகள் போனார்கள். அவர்களில் மூத்தவர் அந்தோணியார். அவரைப் பற்றிப் பழைய தொகுப்பு ஒன்றில் ஒரு சிறு கதை உண்டு. தனிமையில் உட்கார்ந்திருந்தவருக்கு மனம் சோர்ந்துபோயிற்று. நான் எப்படி ரட்சிக்கப்படுவேன் என்று கடவுளிடம் கேட்டார். வெளியே வந்து பார்த்தால் தன்னைப் போலவே ஒருவர். உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், எழுந்து ஜெபிக்கிறார், மறுபடி உட்கார்ந்து திரிக்கிறார், மறுபடி எழுந்து ஜெபிக்கிறார். அது தேவதூதன். இப்படிச் செய், பிழைப்பாய் என்று சொன்னான். கதை அவ்வளவுதான். ஜெபம் மட்டும் செய் என்றோ, வேலையைக் குறைத்துக்கொள் என்றோ அந்தத் தூதன் சொல்லவில்லை. உட்கார், எழுந்திரு, உட்கார்.

இதை ஒரு முழு வாழ்க்கைமுறையாக எழுதிவைத்தவர் இத்தாலியின் பெனடிக்ட், தமிழில் ஆசீர்வாதப்பர். சுமார் 480இல் பிறந்து 547 வாக்கில் இறந்தவர். மொன்தே கசினோ மலைமேல் மடம் நிறுவி, 73 சிறு அதிகாரங்களில் ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை ஜெபம். ஏழு என்பதை 119ஆம் சங்கீதத்தின் "ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்ற வசனத்திலிருந்து எடுத்தார். இதைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். அந்த நூலை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு மனிதத்தன்மை. கோடைகாலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துக்கொள்ளலாம் என்கிறார். தூங்கும்போது இடுப்பில் கத்தி இருக்கக் கூடாது, புரண்டு படுத்தால் குத்திவிடும் என்கிறார். ஜெபமணி கேட்டதும் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும் என்கிறார், ஆச்சியைப் போலவே. தொலைவில் வேலை செய்கிறவர்கள் கோயிலுக்கு ஓடி வர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே முழங்காலிடட்டும் என்று 50ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். ராத்திரி ஷிப்ட் நர்ஸுக்கும் லாரி டிரைவருக்கும் அந்த அதிகாரம் போதும்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. கடிகாரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் க்ளாக் என்ற சொல்லின் வேரே லத்தீனில் மணி. கோயில் மணி. நேரத்துக்கு நிறுத்தச் சொல்லி அடித்த மணியின் பெயரைத்தான் இன்றைக்கு நம்மை விரட்டுகிற கருவி சுமந்துகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை மணியடித்து மூவேளை மன்றாட்டு சொல்வது இந்த மரபின் ஒரு கிளை. பெரியவர்கள் அதைத் திரிகால ஜெபம் என்பார்கள். இன்னொரு கிளை காவிரிக்கரையில் இருக்கிறது. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி என்ற ஊரில் ஜூல் மோன்சானின், ஆன்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேய பெனடிக்ட் சபைத் துறவி அங்கே வந்து, 1993இல் இறக்கும்வரை இருந்தார். காவித் துணி, சம்மணம், நாளுக்கு மூன்று வேளைக் கூட்டு ஜெபம், சூரியன் எழும்போதும் சாயும்போதும் மௌனத் தியானம். அங்கே நடந்த எல்லாவற்றையும் எல்லா சபைகளும் ஏற்கவில்லை, அந்த விவாதம் தனி. ஆனால் ஆசீர்வாதப்பரின் மணிக்கணக்கு காவிரிக்கரைச் சந்திவேளையோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்திப்போயிற்று என்பதைக் கவனிக்கலாம். "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும்" ஜெபிப்பதாகச் சங்கீதக்காரனே சொல்கிறான். நமக்கு அந்தியும் சந்தியும் அந்நியமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

நிறுத்தங்களில் பெரியது ஓய்வுநாள். இதில் கொஞ்சம் தங்கிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் வாரத்திலேயே பரபரப்பான நாள் ஞாயிற்றுக்கிழமைதான். காலை ஆராதனை, அதற்கு முன்னால் ஓய்வுநாள் பாடசாலை, பிறகு பாடகர் குழு, பிறகு கமிட்டி, சாயங்காலம் ஏதாவது ஒரு கூட்டம். சபை ஊழியத்தில் மும்முரமாக இருக்கிறவர்களிடம் ஞாயிறு எப்படிப் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய்த்தான் உட்கார்ந்தேன் என்பார்கள்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டிலும் காரணம் வேறு. யாத்திராகமம் 20இல், தேவன் ஆறு நாள் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், ஆகவே நீயும் ஓய். உபாகமம் 5இல், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், நினைத்துக்கொள். அடிமைக்கு லீவு கிடையாது. எகிப்து ராஜா பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்திய பிறகும் செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. அந்தச் சூளையிலிருந்து வெளியே வந்தவர்களுக்குத்தான், வாரத்தில் ஒரு நாள் செங்கல் அறுக்காதே என்று கட்டளை வருகிறது. டார்கெட் என்ற சொல்லோடு மாதம் முழுக்க வாழ்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது காரணம் இன்னும் கிட்டத்தில் நிற்கும்.

கட்டளையில் யார் யார் ஓய வேண்டும் என்று ஒரு பட்டியலும் உண்டு: நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். ஒரு வேதபாட வகுப்பில் இதை வாசித்தபோது ஓர் அக்கா கேட்டார்: "மாடு வரைக்கும் வந்துடுச்சு, பொண்டாட்டி எங்க?" எல்லாரும் சிரித்தோம், பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நீ என்பதில் மனைவியும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். நம் வீடுகளில் அடங்கவில்லையே! ஞாயிறு என்றால் கறி. அதற்கு ஐந்து மணிக்கே எழுந்து வெங்காயம் உரிக்கிறவர் யார், கோயிலிலிருந்து வந்ததும் சேலை மாற்றாமல் குக்கரை ஏற்றுகிறவர் யார்? வீட்டில் ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய உழைப்பில் நடக்கிறது என்றால் அந்த வீட்டில் ஓய்வுநாள் இன்னும் வரவில்லை.

இதற்கு வழியை யாத்திராகமம் 16 சொல்கிறது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னாவை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள், ஏழாம் நாளில் யாரும் பொறுக்கப் போக வேண்டாம் என்பதற்காக. ஓய்வு தானாக வராது, அதற்கு முந்தின நாளே வேலை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை சாயங்காலமே மீன்குழம்பு வைத்துவிடுகிறோம். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது யாருக்குத் தெரியாது? சட்டியை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணுவது என் வேலை, பாத்திரம் பையன் வேலை. யூதர்களுக்கு ஓய்வுநாள் வெள்ளி சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது, ஆதியாகமத்திலும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் நாள் எண்ணப்படுகிறது. முதலில் இரவு, தூக்கம். பிறகு வேலை. அந்தக் கணக்கில் சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுப்பதும் ஞாயிற்றுக்கிழமையில் சேர்ந்ததுதான்.

ஓய்வு சேர்ந்து எடுக்க வேண்டியது என்பதற்கு வரலாற்றில் ஒரு வினோதமான சாட்சி உண்டு. ரோமப் பேரரசில் கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிற்றை ஓய்வுநாளாக அறிவித்தார். பல நூற்றாண்டுக்குப் பிறகு, 1929இல், சோவியத் அரசு தொழிற்சாலைகள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்று ஏழுநாள் வாரத்தையே எடுத்துவிட்டு ஐந்து நாள் சுழற்சி கொண்டுவந்தது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு நாள் ஓய்வு. எண்ணிக்கையில் பார்த்தால் முன்னைவிட அதிக ஓய்வுநாள். ஆனால் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறு நாள், நண்பனுக்கு இன்னொரு நாள். பிறகு ஆறு நாள் வாரம் என்று மாற்றிப் பார்த்து, 1940இல் ஏழுநாள் வாரத்துக்கே திரும்பினார்கள். நம் வீடுகளில் அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஒருவர் ஷிப்டில், ஒருவர் டியூஷனில், ஒருவர் ஹெட்போனுக்குள்.

எங்கிருந்து தொடங்குவது

பெரும்பாலும் நாம் தப்பான இடத்தில் தொடங்குகிறோம். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த வசன அட்டையோடு வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் காலை நாலரைக்கு எழுவேன், வேதத்தை முழுக்க வாசிப்பேன், வெள்ளிக்கிழமை உபவாசம் இருப்பேன் என்று நோட்டில் எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன். பிப்ரவரியில் லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். அவசர வாழ்க்கைக்கு மருந்து என்று சொல்லி இன்னும் நாலு வேலையைத் தலையில் ஏற்றிக்கொள்வதில் என்ன புண்ணியம்? ஆசீர்வாதப்பரே தன் நூலின் முன்னுரையில், கடுமையானதோ பாரமானதோ எதையும் விதிக்க விரும்பவில்லை என்றுதான் சொல்கிறார்.

ஒரே ஒரு நிறுத்தம் போதும். அதைக் கடிகாரத்தில் கட்டுவதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றில் கட்டுவது நிலைக்கும். பால் பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரம், வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு மாடிப்படி ஏறுவதற்கு முன் இருக்கும் அந்த ஒரு நிமிஷம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்த லாரன்ஸ் என்ற சகோதரர், அடுப்படியிலும் தேவ சமுகத்தில் நிற்பதைப் பழகிக்கொண்டதற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்ற வசனம், ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அப்படியே நடக்காது. மொட்டை மாடி உண்டு, பேருந்தில் ஜன்னலோர இருக்கை உண்டு. போனை அந்த நேரத்துக்கு மட்டும் பையின் அடியில் போடுங்கள். அது உங்கள் அறைக்கதவு.

அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? ஒரு வழி, வேதத்தில் நாலைந்து வசனம், அதற்கு மேல் வேண்டாம், மெதுவாக இரண்டு மூன்று தடவை வாசிப்பது. எந்தச் சொல் நிற்கவைக்கிறதோ அங்கே நின்றுவிடுவது. 12ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற துறவி இதை வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், வெறுமனே அவர் முன் இருத்தல் என்று நாலு படியாகச் சொன்னார். பழைய மடங்களில் இதற்கு வழங்கிய லத்தீன் சொல்லின் நேர்ப்பொருள் அசைபோடுதல். தொழுவத்தில் மாடு கண்ணை அரைவாசி மூடி அசைபோடுவதைப் பார்த்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு வழி ராத்திரிக்கு உரியது. லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) சொல்லிக்கொடுத்த நாளாய்வு. நன்றி சொல்லி, வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து நாளை ஒருதரம் ஓட்டிப் பார்த்து, தப்புக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு திருத்தத்தோடு முடிப்பது. பத்து நிமிஷம் ஆகும். நான் இதைச் செய்ய ஆரம்பித்த முதல் வாரத்தில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி வந்தது: பையன் ஏதோ சொல்ல வருகிறான், நான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் ம் கொட்டுகிறேன். திங்கள் ம், செவ்வாய் ம், புதன் ம். யாரும் பிரசங்கம் பண்ணாமலே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வருஷத்துக்கும் தாளம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன் திருவருகைக் காலம், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் லெந்து. இப்போது டிசம்பர் பிறந்ததுமே கீத பவனி, கேக், கிறிஸ்துமஸ் விழா என்று ஓட ஆரம்பித்துவிடுகிறோம். காத்திருப்பதற்கென்று வைத்த நாலு வாரத்தில் காத்திருப்பு மட்டும் இல்லை.

தவறிப்போகிற நாட்கள் இருக்கும். நிறைய இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல், மாமனாருக்கு ஆஸ்பத்திரி, மாசக் கடைசி. தாளம் விட்டால் பாட்டை நிறுத்துவதில்லை, அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் அடுத்த சுற்றில், பிடித்துக்கொள்கிறோம். வெறும் களைப்பாக இருந்தால் தூங்கிவிடுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா ஓடிக் களைத்து, சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்கிறான். தேவதூதன் வந்து தட்டியெழுப்பியது ஜெபிக்கச் சொல்லியா? எழுந்திருந்து போஜனம்பண்ணு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறான். தூதன் திட்டவில்லை. இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடுதான் கொடுக்கிறான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, குகை. காற்று வருகிறது, பூமி அதிர்கிறது, அக்கினி வருகிறது, எதிலும் கர்த்தர் இல்லை. அக்கினிக்குப் பின் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது.

அமர்ந்த சத்தம். ஆச்சி திண்ணையிலிருந்து கூப்பிட்டதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். இப்போது எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, குமிழைத் திருகினால் போதும். ஆனாலும் திருகுவதற்குக் கை போக ஒரு நிமிஷம் ஆகிறது. குழம்பு இன்னும் இரண்டு கொதி வந்துவிடட்டுமே என்று தோன்றுகிறது.